குலை காத்திருக்காது: பத்தாங் பெர்ஜுந்தையின் எண்ணெய் வாணிகம், ஒரு நிகழ்வு ஆய்வு

பாமாயில் தரும் செம்பனையின் குலையை வெட்டிப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் அதை ஆலையில் அவித்தாக வேண்டும். அடிபட்ட பழத்தில் நொதி வேலையைத் தொடங்கிவிடும். எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். சுத்திகரிப்பு ஆலைக்காரர் விலையில் கை வைப்பார். மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய எங்கள் வட்டாரத்தில் செம்பனை ஆலைகள் இன்னும் புகைவிட்டுக்கொண்டிருப்பதற்கு இந்த அவசரமே காரணம். பழத்தை ஒரு வாரம் போட்டுவைக்க முடியும் என்றிருந்தால் ஆலை எப்போதோ துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும். எங்களுக்குத் தோப்பும் லாரித் தடமும் மிஞ்சியிருக்கும்.

பழம் வாங்கும் கூடம் ஒன்றில் 18 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். லாரி எடைமேடையில் ஏறும். குலைகளைக் கொட்டியதும் ஒரு பையன் கம்பால் புரட்டிப் பார்த்து, காய் எத்தனை, காம்பு நீண்டது எத்தனை, அழுகல் எத்தனை என்று குரல் கொடுப்பான். அதற்குத் தக்கபடி எடையில் கழித்துச் சீட்டு எழுதுவேன். சீட்டின் கீழ்மூலையில் இருக்கும் விலை மட்டும் எங்கள் கையில் இல்லை. பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் கோலாலம்பூர் முன்பேரச் சந்தையில் செம்பனைக் கச்சா எண்ணெய் எந்த விலைக்குப் போகிறதோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வருவது அது. அந்தச் சந்தையை ஆட்டிவைப்பவர்களோ சீனத்து டாலியனில் ஒருவர், சிக்காகோவில் சோயா எண்ணெய் விற்பவர் ஒருவர், மும்பையில் இறக்குமதியாளர் ஒருவர், ஜக்கார்த்தாவில் அரசாணையில் கையெழுத்திடுபவர் ஒருவர்.

எண்ணெய் ஏற்றுமதி வட்டாரம் என்றதும் எல்லாருக்கும் பாலைவனமும் வானை நோக்கி எரியும் தீக்குழாயும்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டு வாணிகம் அத்தகைய வட்டாரங்களை எப்படி வளர்க்கிறது, எப்படிக் கெடுக்கிறது என்று எழுதியவர்கள் பெரும்பாலும் பெட்ரோலியத்தையே பார்த்தார்கள். எங்கள் எண்ணெய் மரத்தில் காய்ப்பது. ஆனால் கேள்வி அதுவேதான்: உலகம் வாங்குகிறது, ஊருக்கு என்ன மிச்சம்?

விலை ஏறினால் ஊர் ஏறும் என்று நினைத்துத்தான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். அது பாதிகூட உண்மை இல்லை. எந்த வேலை இங்கேயே நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதோ, அதிலிருந்துதான் ஊருக்குச் சோறு. கட்டாயம் விலகிய அன்றைக்கு விலை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சோறும் விலகிவிடுகிறது. இந்த ஆய்வு முழுக்க நான் காட்டப்போவது இந்த ஒன்றைத்தான்.

மூன்று சரக்கு கண்ட ஊர்

அரசாங்கப் பதிவில் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் மாற்றினார்கள். மலாயில் 'பெர்ஜுந்தை' என்றால் தொங்குவது. அந்தப் பெயர் கௌரவமாக இல்லை என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பல்கலைக்கழகம் வந்த ஊருக்குப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற பெயர். தோட்டத்து ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஊர் உலகச் சந்தைக்கு மூன்று சரக்கைக் கொடுத்திருக்கிறது: ஈயம், ரப்பர், செம்பனை எண்ணெய். ஈயத்தின் கதை சுருக்கமானது. ஏரி போன்ற குட்டைகளில் மிதந்துகொண்டு மண்ணை வாரிய பெரிய இரும்புக் கப்பல்களை என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். 1985 அக்டோபரில், விலையைத் தாங்கிப் பிடிப்பதற்காக ஈயத்தை வாங்கி வாங்கி அடுக்கிய பன்னாட்டு ஈய மன்றத்தின் பணம் லண்டனில் தீர்ந்தது. சந்தை மூடியது, விலை சரிந்தது, மலேசியாவெங்கும் சுரங்கங்கள் வரிசையாக நின்றன. எங்களுக்குக் குட்டைகள் மிஞ்சின. ஆற்றில் நீர் வற்றும் காலத்தில் இப்போது அந்தக் குட்டைத் தண்ணீர்தான் சிலாங்கூர் மக்களின் குழாய்க்கு உதவிக்கு வருகிறது. தூக்கிக்கொண்டு போக முடியாதது பள்ளம் ஒன்றுதான்.

செம்பனைக்கோ இந்த வட்டாரம் தாய்வீடு. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம் அது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் அழகுக்காகச் சாலையோரத்தில் நிறுத்தப்பட்டன. ஹென்றி ஃபொக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து விதை கொண்டுவந்து, 1917-இல் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் தோற்றுப்போன காப்பிக்குப் பதிலாக நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதன் பெயர் தென்னமரம். பிரெஞ்சுக்காரரின் காசு, ஆப்பிரிக்க மரம், டச்சுக்காரர் வளர்த்த விதை, தமிழன் வைத்த பெயர். அந்தப் பெயரிலும் வேறொரு மரம்!

சம்பள நாள்

தென்னமரத்தில் செம்பனை வந்தபோதும் வட்டாரம் நெடுங்காலம் பால்மரக் காடாகவே இருந்தது. ரப்பருக்கு ஆள் வேண்டும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு ஓர் ஆளுக்கு 400, 500 மரம், பால் எடுத்துக் காண்டாக் கம்பில் தோளில் தூக்கிக் கொட்டகைக்கு வந்து நிறுக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டு என்று வைத்தாலும் மூன்று ஹெக்டேருக்கு ஓர் ஆளாவது வேண்டும். மரத்தைத் தொடாமல் பால் வராது. தொட மனிதர் வேண்டும். மனிதருக்கு லயம் என்ற வரிசை வீடு வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை வேண்டும், கோயில் வேண்டும். பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. மனமிரங்கிக் கட்டப்பட்டவையென்று யாரும் நினைக்க வேண்டாம். பாலுக்குக் கை வேண்டியிருந்தது. கைக்கு உடம்பும் குடும்பமும் ஒட்டிக்கொண்டு வந்தன.

சம்பள நாளை எழுதாவிட்டால் அந்தக் காலத்தை எழுதியதாகாது. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் மேசைக்கு முன்னால் வரிசை; வரிசையின் மறுமுனையிலேயே கடைக்காரர்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கின் கீழ் வளையல், பாத்திரம், சட்டைத்துணி, வறுத்த கடலை, கருவாடு. பற்று நோட்டோடு மளிகைக்காரர் முதல் ஆளாக நிற்பார். அவரைக் கண்டதும் பின்பக்கம் நழுவுகிறவர்களும் உண்டு. என் தாத்தா அதில் கைதேர்ந்தவர் என்று பாட்டி சொல்வாள். அந்த ஒரு நாளில் கைமாறிய பணத்தில்தான் பத்தாங் பெர்ஜுந்தையின் கடைத்தெரு கட்டப்பட்டது. லாபம் லண்டனுக்குப் போயிற்று; கூலி இங்கே சுற்றியது. சின்னக் கூலிதான். ஆனால் கூட்டம் பெரிது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். உலகப் பொருளாதாரம் சரிந்த 1930-களின் தொடக்கத்தில், மலாயாவில் வேலை செய்துகொண்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கொரியப் போர் வந்தபோது ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. பிறகு செயற்கை ரப்பர் வந்து இறக்கியது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றானது. இங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவரின் நிறத்து அடையாள அட்டையே கையிலிருந்த பல்லாயிரம் பேர் மறுபடியும் கப்பலேறினார்கள். வாணிகம் ஆளை அழைத்துவந்தது. சட்டம் ஆளை எண்ணிக் கழித்தது.

பவுடர் அடித்த பெண்கள்

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது நடந்த மாற்றத்தை எண்ணெய் விலையைக் கொண்டு விளக்க முடியாது. ஆள் கணக்கைக் கொண்டே விளக்க முடியும். செம்பனையில் ஓர் ஆள் எட்டு, பத்து ஹெக்டேரைப் பார்த்துக்கொள்வார். ஒரே பரப்புக்கு மூன்று குடும்பம் இருந்த இடத்தில் ஒரு குடும்பம் போதும். ஏற்றுமதி ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் லயங்களில் பூட்டு ஏறிக்கொண்டிருந்தது.

ஆனாலும் தொடக்கத்தில் செம்பனை பெண்களுக்கு ஒரு வேலையை வைத்திருந்தது. ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகும் பூச்சி இங்கே இல்லை. மரம் வந்தது, மரத்தின் உறவு வரவில்லை. அதனால் இளம் மரங்களில் ஆள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆண்பூவின் தூளை உதிர்த்து, காயவைத்து, சலித்து, டால்கம் பவுடரில் கலந்து, குழாய் வைத்த பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக்கொடுப்பார்கள். அம்மா அந்தப் புட்டியோடு மரம் மரமாகப் போவார். மட்டைகளுக்கு நடுவே முள்ளை விலக்கி, பெண்பூ விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிந்த பூ சில நாளைக்குத்தான் தாங்கும். புட்டியை ஓர் அழுத்து அழுத்தினால் வெள்ளைப் புகைபோல் பவுடர் பூவின் மேல் படியும். மட்டையில் தேதியைக் கீறிவிட்டு அடுத்த மரம். மாலையில் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் புருவமெல்லாம் வெளுத்திருக்கும், கையெல்லாம் முள் கிழித்திருக்கும், உடம்பெல்லாம் மணக்கும். தோட்டத்தில் அதைப் 'பவுடர் வேலை' என்றார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. நான் தொட்ட பூதான் காய்த்தது என்பார்.

1981-இல் கேமரூனிலிருந்து ஒரு பூச்சி வந்தது. அரிசி வண்டைவிடச் சற்றுப் பெரிது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்கத் தோட்டங்களில் ஆராய்ந்து, செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது காற்றல்ல, இந்த வண்டுதான் என்று காட்டியிருந்தார். ஜொகூரில் விட்டார்கள். ஓராண்டு, ஈராண்டுக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. குலைகள் கனத்தன. பவுடர் புட்டிகள் ஸ்டோர் அறைக்குத் திரும்பின. அம்மா உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். குனிந்து செய்யும் வேலை, எடைக்குக் கூலி.

அதே 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரு காலைப்பொழுதின் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை வாங்கிக் குவித்து, நூற்றாண்டு கண்ட பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தை மலேசியக் கைக்குக் கொண்டுவந்தார்கள். நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான், லண்டனுக்குப் போன ஈவுத்தொகை கோலாலம்பூருக்கு வரத் தொடங்கியது. ஆனால் எங்கள் வட்டாரத்தின் வாழ்வை அந்த ஆண்டு மாற்றியது எது என்று என்னைக் கேட்டால், பங்குச் சந்தையை விட்டுவிட்டு வண்டைக் காட்டுவேன். பங்கு கைமாறியதில் பெயர்ப்பலகை மாறியது. வண்டு வந்ததில் வேலை போயிற்று. வெளிநாட்டு வாணிகம் என்றால் கப்பலில் போகிற சரக்கை மட்டும் எண்ணுகிறோம். கப்பலில் வருகிற விதை, உரம், பூச்சி, ஆள் எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

ஆலை எங்கே நிற்கும்?

மலேசிய அரசு 1970-களில் செய்த ஒன்றைப் பொருளாதார ஆசிரியர்கள் மெச்சுவார்கள். கச்சா எண்ணெயாக ஏற்றுமதி செய்தால் வரி. சுத்திகரித்து அனுப்பினால் விலக்கு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதியில் பெரும்பகுதி பதப்படுத்திய எண்ணெயாகிவிட்டது. சமையல் எண்ணெய், மார்ஜரின், சோப்பு மூலப்பொருள் என்று தொழில் கிளைத்தது. ஐரோப்பியர் விட்டுக்கொடுக்க மனமில்லாத படி ஒன்றை வரிச்சட்டத்தின் ஒரு பத்தியால் இங்கே இறக்கினார்கள். இதில் எனக்கு மறுப்பே இல்லை. சாமர்த்தியமான காரியம்.

ஆனால் அந்த ஆலைகள் எங்கே எழுந்தன? பாசிர் கூடாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும். அது இயற்கை. கச்சா எண்ணெய் தொட்டியில் வாரக்கணக்கில் தாங்கும். தோட்டத்தருகே இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பழம் மட்டும்தான் காத்திருக்காது. ஆக, பழத்தை எண்ணெயாக்கும் முதல் படி எங்களிடம். எண்ணெயைப் பணமாக்கும் அடுத்த படிகளெல்லாம் கடலோரம். ஒரு தொழில் தனக்கு முன்னும் பின்னும் எந்தத் தொழில்களை இழுத்துவருகிறது என்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது என்றார் பொருளியலாளர் ஹிர்ஷ்மன். அவர் சொன்னது நாட்டுக்குப் பலித்தது. எங்கள் ஊரில் டயர் ஒட்டும் கடை ஒன்று, வெல்டிங் பட்டறை இரண்டு, ஆலைத் தொழிலாளர் சாப்பிடும் கடை ஒன்று என்ற அளவில் பலித்தது.

வரியின் விளையாட்டு இங்கே மட்டும் நடப்பதில்லை. 2011-இல் இந்தோனேசியா தன் ஏற்றுமதி வரியை மாற்றியமைத்துத் தன் சுத்திகரிப்பு ஆலைகளுக்குச் சாதகமாக்கியது. கிள்ளானில் ஆலைக்காரர்கள் தவித்தார்கள். 2013-இல் மலேசியாவும் தன் வரியை இறக்கியது. இந்தியா, தன் ஆலைகளுக்கு வேலை வேண்டும் என்று, சுத்திகரித்த எண்ணெய்க்குக் கூடுதல் இறக்குமதி வரி வைக்கிறது. காஷ்மீர் பற்றி அன்றைய மலேசியப் பிரதமர் பேசியதை ஒட்டி உரசல் எழுந்த வேளையில், 2020 ஜனவரியில், சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதிக்கு டில்லி கட்டுப்பாடே விதித்தது. 2024 செப்டம்பரில் செம்பனைக் கச்சா எண்ணெய் மீதான மொத்த வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5-க்கு ஏற்றியது. ஒவ்வொரு முறையும் எங்கள் சீட்டின் கீழ்மூலை நடுங்கும்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வழிச் சொந்தம் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தபோது அடுப்படியில் ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட் இருந்தது. லிட்டர் 25 ரூபாய், அரசு மானியத்தில். "உங்கள் ஊர்ச் சாமான்தான் தம்பி" என்று சொல்லி அதிலேயே எனக்கு முறுக்குச் சுட்டார். என் தாத்தா கப்பலேறிப் போன மாவட்டத்துக்கு எண்ணெய் மட்டும் திரும்பி வந்திருக்கிறது என்று தோன்றியது. முறுக்கு நன்றாக இருந்தது.

மூன்று மாத மகாராஜா

2022-ஐத் தனியாக எழுத வேண்டும். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. உலகச் சூரியகாந்தி எண்ணெயின் பெரிய வாசல் அடைபட்டது. மார்ச்சில் செம்பனைக் கச்சா எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. நூறு கிலோ குலையில் இருபது கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் குலையில் இருக்கும் எண்ணெய்க்கே 1,400 ரிங்கிட்; கொட்டைப் பருப்புக்குத் தனியாக. கூடத்தின் வாசலில் எழுதும் கரும்பலகையில் அப்படி ஓர் எண்ணை நான் அதற்குமுன் எழுதியதில்லை.

ஆறு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அன்றைக்குப் பலகையின் முன் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, தப்பாக எழுதிவிட்டாயா?"

"இல்லை அண்ணே. இன்றைக்கு இதுதான்."

"அப்படியென்றால் இன்னொரு முறை படித்துக் காட்டு."

படித்துக் காட்டினேன். ஆனால் அவர் லாரியில் வந்தது வழக்கத்தில் பாதிதான். வெட்ட ஆள் இல்லை. 2020-இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது. பலர் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. நாடெங்கும் குலைகள் மரத்திலேயே அழுகின. வரலாற்றிலேயே உயர்ந்த விலையில் காய்ப்பைக் காக்கைக்கு விட்டோம். இன்னொரு பக்கம், ரஷ்யாவும் பெலாரூஸும் பொட்டாஷ் அனுப்பும் நாடுகள். உரமூட்டை விலை இரண்டு மடங்குக்கும் மேல் போயிற்று. அண்ணன் அந்த ஆண்டு உரம் பாதிதான் போட்டார். செம்பனை உடனே கோபித்துக்கொள்ளாது. இரண்டு ஆண்டு கழித்துக் காய்ப்பில் காட்டும்.

இன்னொன்றும் செய்தார். இருபத்தெட்டு வயதான மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டிய ஆண்டு அது. இந்த விலையில் காய்க்கும் மரத்தை யார் சாய்ப்பார்கள்? தள்ளிப்போட்டார். விலை இறங்கியபோது மறுநடவுக்குக் கையில் பணம் இல்லை என்று மறுபடியும் தள்ளிப்போட்டார். இப்போது அந்த மரங்கள் மிக உயரம். அரிவாள் கட்டிய கம்பை நீட்டினால் எட்டுவதில்லை, எட்டினாலும் வெட்ட வருகிறவர் கூடுதல் கூலி கேட்கிறார். உயர்ந்த விலை ஒருவரைப் பின்னுக்குத் தள்ளுவதை அங்கேதான் கண்ணால் கண்டேன்.

ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா ஏற்றுமதியை அடியோடு தடைசெய்தது. உள்நாட்டில் சமையல் எண்ணெய் விலை தாங்கவில்லை. எங்களுக்குக் கொண்டாட்டம். மே 23-இல் தடையை எடுத்தது. தேங்கிய எண்ணெய் சந்தையில் கொட்டியது. செப்டம்பருக்குள் விலை மார்ச்சின் உச்சத்தில் ஏறக்குறைய பாதி. பலகையைத் துடைத்துத் துடைத்து என் கை சலித்தது. அண்ணன் அப்போதெல்லாம் பலகையைப் பார்ப்பதில்லை. நேரே எடைமேடைக்குப் போய்விடுவார்.

மற்ற எண்ணெய்

பெட்ரோலியத்தோடு ஒப்பிடாமல் இந்த ஆய்வு நிறைவாகாது. நைஜீரியாவை எடுத்துக்கொள்வோம். சுதந்திரம் பெற்ற 1960-இல் உலகின் முன்னணிச் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியாளர் அது. 1956-இலேயே ஒலோயிபிரியில் பெட்ரோலியம் கண்டிருந்தார்கள். 1970-களில் விலை எகிறியபோது பெட்ரோலிய டாலர் குவிந்தது. நாட்டின் நாணயம் பலத்தது. வெளிநாட்டு உணவு மலிவானது. கிராமத்து ஆள் நகரத்துக்குப் போனார். செம்பனைத் தோப்புகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. இன்று நைஜீரியா செம்பனை எண்ணெயை இறக்குமதி செய்கிறது. ஹாலந்தில் 1959-இல் இயற்கை வாயு கிடைத்த பிறகு அங்கே மற்றத் தொழில்கள் நலிந்ததை வைத்து இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர். ஒரு சரக்கின் செல்வம் மற்றச் சரக்குகளின் மூச்சைப் பிடிக்கும் நோய்.

மலேசியாவும் பெட்ரோலிய நாடுதான். சரவாக்கின் மிரியில் 1910-இலேயே கிணறு; 1974-இல் அரசுப் பெட்ரோலிய நிறுவனமான பெட்ரோனாஸ். அதே 1970-களில் இங்கேயும் தோட்டத்து இளைஞர்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரம் போனார்கள். பிறகு ஏன் இங்கே தோப்புகள் அழியவில்லை? ஆராய்ச்சி, நல்ல விதை, நிலமற்றவர்களைத் தோட்ட நிலத்தில் குடியேற்றிய அரசின் ஃபெல்டா திட்டம் என்று காரணம் சொல்வார்கள், எல்லாம் சரி. சொல்லாமல் விடுகிற காரணம் ஒன்று உண்டு. போன ஆளின் இடத்தில் கூலியை ஏற்றாமல் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். டச்சு நோய்க்கு மலேசியா கண்ட மருந்து, கடன் வாங்கி விமானமேறி வந்த அந்நியத் தொழிலாளி. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்று தீபகற்பத்தில் சட்டம் வந்தது. நாட்டின் கஜானாவை அரை நூற்றாண்டு நிரப்பிய தொழிலில் அந்த 900 பலருக்குச் சம்பள உயர்வாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ராயல்டி எனப்படும் உரிமைத்தொகையிலும் இரண்டு எண்ணெய்க்கும் வேறுபாடு உண்டு. பெட்ரோலியத்தில் மாநிலத்துக்கு 5 விழுக்காடு. திரெங்கானு அதைப் பெற்றும் 1980-களில் வறுமை மிகுந்த மாநிலமாகவே இருந்தது. கடலில் எடுத்துக் குழாயில் அனுப்பும் எண்ணெய்க்கு ஊர் ஆள் அதிகம் தேவைப்படவில்லை. 1999 தேர்தலில் மாநில ஆட்சி எதிர்க்கட்சிக்கு மாறிய பிறகு, 2000-இல் அந்தத் தொகையை மத்திய அரசு நிறுத்தி, 'வாங் எஹ்சான்', அதாவது நல்லெண்ணப் பணம், என்ற பெயரில் தன் கையாலேயே செலவிட்டது. செம்பனையிலோ, போர்னியோத் தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்கள் தங்களுக்குள்ள தனி அதிகாரத்தால் கச்சா எண்ணெய் மீது விற்பனை வரி வாங்குகின்றன. தீபகற்ப மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஏற்றுமதி வரி மத்திய அரசுக்குப் போகிறது. ஆக, எங்கள் ஊர் வழியாக ஓடும் எண்ணெயில் ஊருக்கென்று எழுதிய பங்கு ஏதும் இல்லை. கூலியும் கடையும்தான் பங்கு.

கூலியும் இப்போது இங்கே சுற்றுவதில்லை. சம்பள நாளில் வரிசை இன்றும் இருக்கிறது, பணம் அனுப்பும் கடையின் முன்னால். குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் தாத்தாவும் மணியார்டர் அனுப்பியவர்தான். கடைத்தெருவில் வளையல்காரர் இல்லை. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தார்கள். தோட்டத்துப் பெயர்கள் குடியிருப்புப் பகுதிகளின் பெயர்களாகின்றன. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவே பிராங் பெசார் தோட்டத்து நிலத்தில் எழுந்ததுதான். கையில் நிலமுள்ள அண்ணனைப் போன்றவர்கள் முன்னே இப்போது ஐரோப்பா நிற்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் சரக்கு அல்ல என்று நிலத்தின் வரைபடப் புள்ளிகளோடு காட்ட வேண்டும் என்பது அதன் சட்டம். அமலாக்கத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது. அண்ணனின் நிலம் அவர் அப்பா காலத்து ரப்பர் நிலம். அழிக்கக் காடு இல்லை. கைப்பேசியில் நிலத்தின் நான்கு மூலையையும் குறித்துக்கொடுத்தது அவர் பேத்தி.

கடைசியாக ஒரு சரக்கைச் சொல்ல வேண்டும். ஆலையில் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு மிஞ்சுவது ஓடு. கொஞ்சம் கொதிகலனில் எரியும். மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் தோட்டத்துப் பாதைகளில் கொட்டுவார்கள். நான் பள்ளிக்கு நடந்த பாதை அப்படிப் போட்டதுதான். கறுப்பாக, கூழாங்கல் மாதிரி, மழையிலும் சேறாகாது. வெறுங்காலில் நடந்தால் கொஞ்சம் குத்தும். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் 2012-இல் ஜப்பான், மரக்கழிவு போன்றவற்றை எரித்து எடுக்கும் மின்சாரத்துக்கு உயர்ந்த விலை நிர்ணயித்தது. செம்பனை ஓடு எரிபொருளாயிற்று. இப்போது ஓட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி, லாரியில் ஏற்றி, துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். போன மழைக்காலத்தில் பழைய பாதையில் ஒரு குலை லாரியின் சக்கரம் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுக்க மாலையாயிற்று. பின்னால் வந்த ஓட்டு லாரிக்காரர் இறங்கி நின்று பார்த்தார். சக்கரத்தின் கீழே போட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். தன் லாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இது எடை போட்ட சரக்கு" என்றார். மட்டைகளை வெட்டிப் போட்டோம்.